அடுத்த ரிஃபாத்துக்கு நாம் என்ன செய்தோம்?

செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தை அடுத்த பட்டிபுலத்திலிருந்து 2023 பிப்ரவரி 19 அன்று ஒரு ராக்கெட் பறந்தது. அதிலிருந்த 150 பிக்கோ செயற்கைக்கோள்களும் பள்ளி மாணவர்கள் செய்தவை. அப்துல் கலாம் பெயரிலான அத்திட்டத்தில் நாடெங்கிலுமிருந்து 5000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர். 2024 ஆகஸ்ட் 24 அன்று அதே கடலோரம் திருவிடந்தையிலிருந்து ரூமி-1 ராக்கெட்டும் பறந்தது.

இத்தகைய வாய்ப்புகளை நம் மஹல்லா பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக், ‘கியூப்ஸ் இன் ஸ்பேஸ்’ என்ற மாணவர் போட்டியில் தேர்வானார். அவரது குழுவின் 64 கிராம் ‘கலாம்சாட்’ 2017 ஜூன் 22 அன்று நாசா ராக்கெட்டில் சென்றது. ‘மாஷா அல்லாஹ்’ என்று பகிர்ந்தோம்; அத்தோடு மறந்தோம்.

போட்டி என்றால் ‘இதற்கு மார்க் உண்டா?’ என்கிறோம். ஒருமுறை தோற்றால் நிறுத்திவிடுகிறோம். 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் உருவாக்கிய ‘ஆசாதிசாட்’ 2022 ஆகஸ்டில் ராக்கெட் கோளாறால் வீணானது. ஆறே மாதத்தில் ‘ஆசாதிசாட்-2’ சுற்றுப்பாதையை அடைந்தது. பெண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் வீடுகள் இதைச் சிந்திக்கட்டும்.

மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும் ஜமாஅத்துகள், ஸகாத் அல்லாத பொது நன்கொடையிலிருந்து போட்டிக்கான உபகரணம், பயணச் செலவுக்கும் ஒதுக்கலாம். அறிவியல் ஆசிரியர் ஒருவரை வாரம் ஒருமுறை மக்தப் மாணவர்களைச் சந்திக்க வைக்கலாம்.

ஓதும்படியான கட்டளையோடு தொடங்கியது நம் வேதம். அந்தச் சமுதாயம் ராக்கெட்டை வேடிக்கை பார்த்து நிற்கலாமா? அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.