சிறார் நிகழ்ச்சிகளில் தமிழ்த் துணைவரிகள்: சங்கத்தின் நிலைப்பாடு

சிறார் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தமிழ்த் துணைவரிகள் வேண்டும் என்ற கோரிக்கை, பெற்றோர் உடனிருந்து சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற பதிலோடு மறுபடியும் ஒதுக்கப்பட்டுள்ள நிலையில், சங்கத்தின் செயற்குழு இவ்வறிக்கையை வெளியிடுகிறது. துணைவரி என இங்கே குறிக்கப்படுவது மொழிபெயர்ப்பு அன்று. பேசும் அல்லது பாடும் அதே மொழியில், அதே சொற்களைத் திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடவிடும் சப்டைட்டில் முறையாகும்.

பிள்ளைகளுக்குத் திரையே கூடாது என்ற வாதத்தைச் சங்கம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை அதிகம் பார்த்த பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் அறிவதில் அதிகம் முன்னேறினர் என்பதை அதன் முதல் மதிப்பீடே காட்டியது. தமிழ்நாட்டிலும் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பார்க்கும் நேரம் வயதுக்கேற்ப வரையறுக்கப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

பெரியவர் ஒருவர் உடனிருந்து பேசினால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை நிபந்தனையாக்கி, நிகழ்ச்சி செய்ய வேண்டியதைப் பெற்றோர் தலையில் கட்டுவதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. நூறு நாள் வேலையிலிருந்தோ பனியன் கம்பெனி ஷிப்டிலிருந்தோ பொழுது சாய்ந்து திரும்பி, தண்ணீர் பிடித்து, உலை வைக்கும் தாய் எந்த நேரத்தில் திரை முன் அமர்வார்? அவரே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுபவராக இருந்தால் எதைச் சொல்லிக்கொடுப்பார்? படிப்பும் ஓய்வும் வாய்த்த குடும்பங்களுக்குப் பொருந்தும் அறிவுரையை எல்லா வீட்டுக்கும் விதியாக்கிவிட்டு, பிள்ளை வாசிக்கவில்லை என்றால் தாய்க்கு அக்கறையில்லை என்று பழி சொல்வது கொடுமை. துணைவரி இருந்தால், தாய் அடுப்படியில் நிற்கும்போதும் ஒலியும் எழுத்தும் பிள்ளைக்குச் சேர்ந்தே கிடைக்கும். பாதியில் பள்ளியை விட்ட தாய்க்கும் விட்டுப்போன வாசிப்பு மெல்லத் திரும்பும்.

தமிழ் எழுத்துமுறைக்குத் துணைவரி மிகவும் தேவை. 'கொக்கு' என்று பாடும்போது பிள்ளையின் காதில் முதலில் விழுவது ககர ஒலி; கண்ணில் முதலில் படுவதோ ஒற்றைக் கொம்பு. அதே ககரம் கடலில் ஒருவிதமாகவும், அகலில் வேறாகவும், சங்கில் இன்னொன்றாகவும் ஒலிக்கிறது. பாடப்படும் சொல் துணைவரியில் அந்தக் கணத்திலேயே நிறம் மாறினால், பாடல் திரும்ப வரும்தோறும் ஒலிக்கும் வரிவடிவுக்கும் உள்ள இணைப்பு பழகிப்போகும்.

இது புதிய யோசனையும் அன்று. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய முயற்சி, தூர்தர்ஷனின் குஜராத்தி, இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சிகளில் இம்முறையை நடத்திக் காட்டியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் வழிவந்த 2019ஆம் ஆண்டின் ஒளிபரப்புத் தரநிலைகளும், செவித்திறன் குறைந்தோருக்காகத் துணைவரிகளை வலியுறுத்துகின்றன. சட்டமும் சான்றும் இருக்க, இன்னும் எதற்குக் காத்திருப்பது?

பாத்திரங்களின் பேச்சு வழக்கை அப்படியே எழுதுவதா, எழுத்து வழக்குக்கு மாற்றுவதா என்பதில் செயற்குழுவில் இரு கருத்துகள் உள்ளன. எனவே, இப்போதைக்கு, கேட்கும் சொல்லும் காணும் சொல்லும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் பாடல்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. தனியார் அலைவரிசைகளின் மொழிமாற்றுக் கார்ட்டூன்களுக்கும் இதை இயன்றவரை விரிவுபடுத்தலாம்.

பொதுப் பணத்தில் தயாராகும் தமிழ்ச் சிறார் பாடல் ஒவ்வொன்றும் துணைவரியோடு ஒளிபரப்பாக வேண்டும் என்பதே சங்கத்தின் கோரிக்கை. ஆனாலும் தொலைக்காட்சி ஆசிரியருக்கு மாற்றாகாது. அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் காலியிடங்களை நிரப்பாமலிருக்க அதைச் சாக்காகக் காட்ட இடமில்லை. எழுத்தைத் திரையில் கொண்டுவரும் பொறுப்பு நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்களுடையது. அதைத் தாய்மார் மீது சுமத்தும் எந்த விளக்கத்தையும் சங்கம் இனி ஏற்காது.