கங்கு கேட்ட கை

"மதினி! அடுப்பு பத்திருச்சா? ரெண்டு கங்கு தாங்களேன்!"

விடியுமுன் வேலியோரம் நின்று, உடைந்த சட்டியின் ஓட்டை நீட்டி, நம் பாட்டிமார் கேட்ட கேள்வி இது, தோழரே! கடையிலே தீப்பெட்டி இல்லாமலில்லை. சுவீடன் நாட்டுச் சரக்கு இருந்தது. ஜப்பான் நாட்டுச் சரக்கும் இருந்தது. கப்பலேறி வந்த நெருப்பைக் காலணாவுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பம் நாள்தோறும் கொளுத்திட இயலுமா? ஆகவேதான் கங்கு கடன்!

தீராத தேவையொன்று ஊரிலே கிடக்கிறது என்பதை முதலிலே கண்டது, அந்த ஓட்டை நீட்டிய கை. காசு கண்டதோ வேறு கை. இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்தது என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை உம்மோடு அதைப் பேச விரும்புகிறேன்.

சிவகாசியின் கதை நீர் அறியாததல்ல. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினர். தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பினர். 1923-ல் ஆலை கண்டனர். ஜெர்மானிய இயந்திரம் கட்டுப்படியாகவில்லை, ஒதுக்கினர், கையாலே செய்தனர். ஆறு இல்லை அங்கே, துறைமுகம் இல்லை, குச்சிக்கேற்ற மரம்கூடக் கேரளத்திலிருந்துதான் வர வேண்டும். இருந்ததெல்லாம் வறண்ட காற்றும் வேலைக்கு ஏங்கிய கைகளும்! அந்தக் கைகளை நம்பி, சுவீடன் முதலாளிகளின் விம்கோவை எதிர்த்து நின்றனர். சென்னையில் விம்கோ நகர் என்று மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே, அந்த விம்கோதான்!

கைதட்டல் கிடைக்கும் இடம் இது. மேடையிலே நானும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவதுண்டு. "தேவையைக் கண்டுபிடி! தொழிலைத் தொடங்கு! துணிந்தவனுக்குப் பட்டம் எதற்கு?" என்று முடிப்பேன். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவனுக்கு அப்படி முடிப்பதிலே ஒரு சொந்த ஆசையும் உண்டு என்பதை மறைப்பானேன்!

அந்த ஆசைக்கு ஆலங்குளத்தில் அடி விழுந்தது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளமன்று. வெம்பக்கோட்டையை அடுத்த, அரசு சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற ஆலங்குளம். இரவு கூட்டம் பேசிவிட்டு, விடியற்காலை முதல் பேருந்துக்கு நின்றிருந்தேன். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் புறப்பட்ட பெண்கள் கூட்டமாக நின்றிருந்தனர். நடுவிலே ஒரு மூதாட்டி, கூடை நிறையப் பொட்டலச் சோறு. புளிச்சோறு, ஓரத்திலே துவையல். மூன்று மணிக்கு எழுந்து உலை வைக்க இயலாத பெண்களுக்கு அவர் உலை வைக்கிறார். நல்ல தொழில் கண்டுபிடித்தீர்கள் அம்மா என்றேன், பெருமையாக.

"ராத்திரி நல்லாத்தான் பேசினீக தம்பி. பாக்கத் தெரியாமயா இருக்கோம்? அறுபது பேர் கேக்காக. முப்பது பேருக்குத்தான் பொங்க முடியுது. அரிசிக்கு முதல் வேணும்ல? வர்றதுல பாதி தண்டக்காரனுக்குப் போகுது. அறுபது ஓடிருச்சுன்னா மருமகளைப் பட்டாசு வேலைக்கு அனுப்பாம நிறுத்திருவேன்."

தண்டல் வட்டி! கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. சட்டம் ஏட்டிலே உறங்குகிறது; தண்டல்காரன் விடியுமுன் விழித்துக்கொள்கிறான்.

பேருந்து வரவில்லை. நின்றபடியே நான் சொல்லிவந்த கதையை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அவ்விருவர் துணிவை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் அந்தத் துணிவு சாய்ந்துகொள்ள ஒரு திண்ணை இருந்ததே, அதை ஏன் மேடையிலே விட்டுவிடுகிறோம்? விற்ற மூட்டைக்கு இவ்வளவு என மகமை எடுத்து வைத்த சமுதாயம் அது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து, 1889-ல் விருதுநகரிலே பள்ளி நடத்திய சமுதாயம். கல்கத்தா ரயிலுக்கு முந்தைய ஆண்டு, 1921-ல், தூத்துக்குடியிலே தனக்கென நாடார் வங்கி கண்ட சமுதாயம். இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அதுவே. போதாததற்கு, 1922-ல் அன்றைய அரசு அயல்நாட்டுத் தீப்பெட்டி மீது வரியை உயர்த்தியது. கண் இருந்தது, காலம் வாய்த்தது, கைகொடுக்க ஆள் இருந்தது. மூதாட்டிக்குக் கண் இருக்கிறது. மற்றவை?

இன்னொன்றையும் மேடையிலே விட்டுவிடுகிறோம். குரோசு கணக்கிலே பெட்டி ஒட்டிய கைகளில் பல, பிஞ்சுக் கைகள். சட்டம் ஏட்டிலே தடுத்தும், நெடுங்காலம் அது குற்றமாகக்கூட எண்ணப்படவில்லை.

"பொட்டலச் சோறு விற்றா சமுதாயம் மாறும்?" என்று கேட்கும் தோழர் நம்மிடையே உண்டு. அவரை அந்த வட்டாரத்துக்கு அழைக்கிறேன். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைத் தின்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது, வேலை சுருங்கிற்று. தீப்பெட்டியோ, பதினான்கு ஆண்டு ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடைக்குள் புகுந்துவிட்டது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023-ல் தடுத்தது உண்மை. ஆயினும், கங்கு கேட்ட காலத்திலே பிறந்த தொழில், கங்கைப் போலவே கனிந்து அடங்குகிறது. மருந்து அறையை விட்டால் கஞ்சி இல்லை என்னும் நிலையிலே அந்த மருமகளை நிறுத்திவிட்டு, சமுதாய மாற்றம் பேசுவது எப்படி?

கடன் இல்லாமலில்லை. 1989-ல் தருமபுரியிலே தொடங்கிய மகளிர் குழு இயக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. பிணை கேளாத முத்ரா கடன் 2015-லிருந்து இருக்கிறது. முதற்படியே 50,000 ரூபாய் வரை. அம்மையார் ஒரு வங்கிக்குப் போனாராம். தாள் கேட்டார்கள், ஜாமீன் கேட்டார்கள், நாளைக்கு வா என்றார்கள். நாளை வந்தால் அன்றைய சோறு யார் பொங்குவது?

ஒரே இரவிலே ஊர்ச் சுவரெல்லாம் எழுதி முடிக்கத் தெரிந்தவர் நீர். மாநாட்டு நிதியை வீடு வீடாகத் திரட்டி, காசுக்குக் காசு கணக்குக் காட்டத் தெரிந்தவர். தாசில்தார் மேசையிலே மனுவை நகர்த்தத் தெரிந்தவர். அந்தத் திறமையிலே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு, இப்படியொரு தாயோடு வங்கிக்குச் சென்று, "ஜாமீன் எதற்கு? சட்டத்தைக் காட்டும்!" என்று கேட்பதற்கு எந்த மேலிடத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்? படிப்பகத்துப் பெட்டியிலிருந்து ஒரு மூட்டை அரிசிக்கு வட்டியில்லாக் கைமாற்று தந்தால், படிப்பகம் குறைந்தா போகும்? நான் சொன்ன கிளைத் தோழர் இருவர் ஒப்பினர். ஒருவர், "கட்சிப் பணம் கட்சிக்கே" என்றார். அவரோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று பேருந்து ஐந்தரைக்கு வந்தது. கூடை காலியாகிவிட்டது. காசை நீட்டிய நாலைந்து பெண்கள், பொட்டலம் கிடைக்காமல், நீட்டிய காசோடு ஏறினர். கடைசியாக ஏறிய இளம்பெண் படியிலே நின்று, "வாரேன் அத்தை" என்றாள்.