அந்த ஊர்ல ஒண்ணும் இல்லீங்க

கோயம்புத்தூர் டிராவல்ஸ்காரர்களுக்கு ஜெர்மனி என்பது ஒன்றரை நாள் சமாச்சாரம். 'பத்து நாள் ஏழு நாடு' நோட்டீஸ் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பாரிஸுக்கு ராத்திரி கணக்கு உண்டு, சுவிட்சர்லாந்துக்கு ராத்திரி கணக்கு உண்டு. ஜெர்மனி மட்டும் இரண்டுக்கும் நடுவில் பஸ் போகிற வழி. கொலோன் தேவாலய வாசலில் முக்கால் மணி நேரம், ரைன் ஆற்றில் ஒரு படகு, பிளாக் ஃபாரஸ்ட் டிட்டிசே ஏரிக்கரையில் குயில் கூவும் கடிகாரக் கடை. இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. சாயங்காலம் எந்த ஊராக இருந்தாலும் பன்னீர் பட்டர் மசாலா.

ஊர் சுற்றுவது அவரவர் இஷ்டம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஜெர்மனியில் எந்த ஊர் என்கிற கேள்வியைக் கொங்கு நாட்டுக்காரர்கள் நோட்டீஸ் அடிக்கிறவரிடம் விட்டுவிட்டது மகா அநியாயம். நமக்கும் அந்த நாட்டுக்கும் இரும்பு வழியாக ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவு ஓடுகிற ஊர்களில் ஒன்றுகூட அந்த நோட்டீஸில் கிடையாது.

திருப்பூரில் என் மாமா ஒருவர் முப்பது வருஷமாக நிட்டிங் யூனிட் நடத்துகிறார். திருப்பூரில் மிஷினுக்குக் கம்பெனி பேர்தான் பேர். "மேயர்ல நூல் அறுந்துருச்சு", "டெராட் நிக்குது" என்றுதான் பேச்சு. ஊசி என்றால் குரோஸ்-பெக்கர்ட். மாமாவுக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷே தகராறு. ஆனால் மிஷின் தகட்டில் பொறித்திருக்கும் ஆல்ப்ஸ்டாட் என்ற பெயரைத் தினமும் துடைத்துத் துடைத்து மனப்பாடம். இரண்டு வருஷம் முன்னால் அத்தையோடு ஐரோப்பா கிளம்பியபோது அவர் டிராவல்ஸில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆல்ப்ஸ்டாட் போக முடியுங்களா?"

"அந்த ஊர்ல ஒண்ணும் இல்லீங்க. யாரும் போறதில்லீங்க."

மாமா வாயை மூடிக்கொண்டார். குயில் கடிகாரத்தின் கீழே நின்று எடுத்த போட்டோ இப்போது வீட்டு ஹாலில் தொங்குகிறது.

அந்த ஊரில் ஒன்றும் இல்லையா? தெற்கு ஜெர்மனியில் ஸ்வேபியன் மலைப்பகுதியில் இருக்கிறது ஆல்ப்ஸ்டாட். 1975இல் எபிங்கன், டைல்ஃபிங்கன் முதலிய ஊர்களைச் சேர்த்து உண்டாக்கிய நகரம். மேயர் கம்பெனி 1905இல் தொடங்கியது டைல்ஃபிங்கனில். குரோஸ்-பெக்கர்ட் ஊசியின் ஊர் எபிங்கன், அது 1852இலிருந்து. மிஷினும் ஊசியும் செய்ததோடு நிற்கவில்லை, டைல்ஃபிங்கன் முழுக்கவே பனியன் ஊர். வீட்டுக்கு வீடு உள்ளாடைத் தொழில். பெரிய கம்பெனி, அதற்கு வேலை எடுத்துச் செய்யும் சின்ன யூனிட், வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் பெண்கள். திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்காரர் யாரையாவது அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் குளிரைத் தவிர வேறெதுவும் புதிதாக இருந்திருக்காது.

'இருந்திருக்காது' என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தத் தொழில் அங்கே பெரும்பாலும் முடிந்துவிட்டது. கூலி குறைந்த நாடுகளுக்குப் பனியன் போய்விட்டது. பக்கத்து ஊரான பர்லாடிங்கனில் டிரிகேமா என்ற ஒரு கம்பெனி இன்னும் ஜெர்மனியிலேயே டி-ஷர்ட் தைப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறது. மற்றதெல்லாம் டைல்ஃபிங்கனில் 'மாஷன்மியூசியம்' என்ற பின்னலாடை அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது. பழைய வட்டப் பின்னல் மிஷின்களும் தையல் மேசைகளும் உள்ளாடைகளும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

இதை ஒரு திருப்பூர்க்காரர் பார்க்க வேண்டாமா? வங்கதேசத்துக்கு ஆர்டர் போகிறது, வியட்நாமுக்குப் போகிறது என்று தினமும் டீக்கடையில் புலம்புகிற ஊர் இது. நமக்கு முன்னால் இதே பனியனை நெய்து, இதே மாதிரி ஆர்டரை இழந்த ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பகல் போதும். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' படித்துவிட்டுத் திருப்பூரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு வருவோம். அழகான கோட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மாட்கள் அதை ஏதோ ராஜராஜன் காலத்துச் சங்கதி போல அண்ணாந்து பார்க்கிறார்கள். பவேரிய ராஜா இரண்டாம் லுட்விக் அதைக் கட்டத் தொடங்கியது 1869இல். வடிவம் வரைந்து கொடுத்தது ஒரு நாடகமேடை ஓவியர். 1886இல் ராஜா செத்த சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1888இல், கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. வயசு என்று பார்த்தால் இரண்டும் ஒரே செட். ஒன்றைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். இன்னொன்றைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறபோது ஆட்டோவிலிருந்து தலையைக்கூடத் திருப்புவதில்லை.

கோவைக்காரருக்கு என்று ஒரே ஒரு ஊர் சொல்லச் சொன்னால் நான் செம்னிட்ஸ் என்பேன். கிழக்கு ஜெர்மனி, சாக்ஸனி மாநிலம். நம் ஊர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றால் அது சாக்ஸனியின் மான்செஸ்டர். பட்டம்தான் ஒன்று என்று நினைக்காதீர்கள், போன பாதையும் ஒன்று. முதலில் பஞ்சும் துணியும். பிறகு மில்லுக்கு மிஷின் செய்கிற பட்டறை, வார்ப்படம், லேத்து. பீளமேடும் கணபதியும் வளர்ந்த கதையை அப்படியே குளிர்தேசத்துக்கு மாற்றி எழுதியது போல இருக்கும். 1953இலிருந்து 1990 வரை அதற்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பேர். ஏழு மீட்டர் உயர மார்க்ஸ் தலை இன்னும் நடுரோட்டோரம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு ஜெர்மனியும் சேர்ந்தபிறகு ஆலைகள் வரிசையாக மூடின. இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். ஒரு பழைய வார்ப்படாலையைத் தொழில் அருங்காட்சியகமாக்கி, பழைய மிஷின்களைக் காட்டுகிறார்கள். 2025இல் அந்த ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர்.

2018இல் அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராக நடந்த வன்முறை உலகச் செய்தியானது. அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். மில் மூடிய ஊரில் வேலையில்லாத பையனின் கோபத்தை யார் வந்து குத்தகைக்கு எடுப்பார்கள் என்று 1998ஐப் பார்த்த கோவைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செம்னிட்ஸை நாம் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"லீவுல போயும் மில்லா? இங்க பாக்காததா?" என்பது அத்தையின் கேள்வி. நியாயமான கேள்விதான். முப்பது வருஷம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவர் பனிமலையைப் பார்க்க ஆசைப்படுவதைக் கேலி செய்கிறவன் மடையன். பத்து நாளையும் நான் கேட்கவில்லை. ஒரு நாள். கடிகாரக் கடைக்குக் கொடுக்கிற அந்த ஒரு நாள். அதுவும், மாமா தானாகக் கேட்ட ஒரு நாள். கேட்டவருக்கு 'அங்கே ஒன்றும் இல்லை' என்று பதில் சொல்கிற தைரியம் எங்கிருந்து வருகிறது? நம் வாழ்க்கையும் நம் தொழிலும் வேடிக்கை பார்க்கத் தகுதியில்லாதவை, ராஜா வீடுதான் தகுதியானது என்ற நினைப்பிலிருந்துதான். அந்த நினைப்பு டிராவல்ஸ்காரருக்கு மட்டும் இல்லை. மாமா மறுபேச்சு பேசாமல் பணத்தைக் கட்டினாரே, அவருக்கும் இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த ஊரில்தான் ஜி.டி. நாயுடு இருந்தார். 1930களில் ஜெர்மனி போனவர். அவர் ஹிட்லரைப் படம் பிடித்தார் என்பதை மட்டும் மூன்று தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லித் திரிகிறோம். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ தெரியவில்லை. அவர் செய்த மின்சார ரேசருக்கு 'ரஸாண்ட்' என்று பேர். ஜெர்மனில் 'அதிவேகமான' என்று அர்த்தம். மிஷினைக் கழற்றிப் பார்க்கிற கண்ணோடு ஊர் சுற்றியவர் அவர். அவிநாசி ரோட்டில் அவர் சேர்த்த கருவிகள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. ஐரோப்பா கிளம்பும் எத்தனை பேர் அங்கே ஒரு தடவை நுழைந்துவிட்டுப் போகிறார்கள்?

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு ஹாலே இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானது அந்த ஊரில்தான். பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உண்டு. லைப்சிக்கிலிருந்து அரைமணி நேர ரயில். சாமி கும்பிட வேண்டுமா, ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் 2002இல் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போங்கள். கோபுரமும் தேரும் உண்டு. கொலோன் தேவாலயம் வரை போகிற பஸ் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் தேய்ந்துவிடாது.

செம்னிட்ஸ்காரர் ஒருவர் கோவைக்கு வந்தால் நாம் எங்கே கூட்டிப்போவோம்? மருதமலை, ஆதியோகி, அப்புறம் ஊட்டி. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 ஊரடங்கில் நின்றன, நின்றதோடு சரி. அவற்றில் ஒன்று அந்த 1888 மில். வந்தவர் "உங்கள் மில் எங்கே?" என்று கேட்டால் பூட்டிய கேட்டைக் காட்டி என்ன சொல்வோம்? "அங்க ஒண்ணும் இல்லீங்க."

போக நினைக்கிறவர்களுக்கு: ஸ்டுட்கார்ட்டில் தங்கிக்கொள்ளுங்கள். பாஷ் வேலைக்காகக் கோவையிலிருந்து போன பையன் யாராவது நிச்சயம் அங்கே இருப்பான். டூபிங்கன் வழியாகப் போகும் ரயிலில் ஆல்ப்ஸ்டாட்-எபிங்கனில் இறங்கி, டைல்ஃபிங்கனுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மியூசியம் வாரத்தில் சில நாள், அதிலும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், நேரம் பார்த்துக்கொண்டு போங்கள்.