மந்திரி இல்லாத மனை

2025 செப்டெம்பர் மழையில் நல்லூர் மந்திரி மனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதுக்குப் பிறகு கொஞ்ச நாளுக்கு எங்கட முகநூல் முழுக்க ஒப்பாரிதான். தமிழ் அரசனின் கடைசி அடையாளமும் போச்சு என்று எழுதினோம். ஓம், எழுதினோம் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பதிவுகளைப் போட்ட ஆக்களில் நாங்களும் அடக்கம்.

பிறகு ஒருநாள் கோயிலடியிலிருந்து பருத்தித்துறை வீதியால் நடந்தோம். முத்திரைச் சந்தியில் வாளோடு சங்கிலியன் சிலை, அங்கால சங்கிலித் தோப்பு வளைவு, சட்டநாதர் கோயிலுக்குக் கிட்ட மந்திரி மனை. சின்ன வயதிலிருந்து பார்த்த இடங்கள்தான். ஆனால் முதல்தரம் கதையை விட்டிட்டுக் கட்டடத்தைப் பார்த்தோம்.

மந்திரி மனையின் வளைவுகளையும் தூண்களையும் மரத்தாலான மேல்மாடியையும் நின்று நிதானமாகப் பாருங்கோ. 1619 இல் யாழ்ப்பாண அரசு விழுந்தது. போர்த்துக்கேயர் தலைநகரை நல்லூரிலிருந்து பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1621 இல் கந்தசுவாமி கோயிலையே இடித்தார்கள். கோயிலை விட்டுவைக்காதவன் மந்திரியின் வீட்டை மட்டும் விட்டுவைத்தானோ? இப்போது நிற்கிற கட்டடம் ஐரோப்பியர் ஆட்சி வந்த பிறகு எழும்பியது என்று ஆய்வாளர்கள் எப்பவோ சொல்லிவிட்டார்கள். வளைவைப் பற்றியும் அதே சந்தேகம் இருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்க விருப்பமில்லை. சுரங்கப்பாதைக் கதை அதைவிட இனிப்பு.

‘அப்ப அது எங்கட இல்லை எண்டு சொல்லுறியளோ?’ என்று உடனே கேட்பினம். இந்தக் கேள்வியில்தான் பிழை இருக்கிறது. இப்போதைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734 இல், ஒல்லாந்தர் ஆட்சியில் கட்டப்பட்டது. அதுக்காக நல்லூரான் எங்கட இல்லை என்று ஆராவது சொல்லுவினமோ? யன்னல், கதிரை, குசினி, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். அதுகளை ஒருத்தரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. எங்கட தச்சர் செதுக்கி, எங்கட மேசன்மார் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய வீடு எங்கட ஆவதற்கு ஒரு மந்திரி ஏன் வேணும்?

அடுத்த குற்றச்சாட்டு இன்னும் பாரதூரமானது: இப்படிப் பேசினால் பேரினவாதத்துக்கு வாய்ப்பாகிவிடுமாம். நாங்கள் மறுபக்கமாக நினைக்கிறோம். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கு என்று ஜனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். நியமிக்கும்போது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அதுக்குப் பின்னால் இருந்த கணக்கு லேசானது: பழைய கல்லு ஆருடையதோ, காணியும் அவருடையது. அந்தக் கணக்கால் காணி இழந்த சனம் நாங்கள். அதே கணக்கை நல்லூரில் நாங்களே போட்டால், குருந்தூர்மலையில் என்ன வாயோடு கேள்வி கேட்பது? தொல்லியல் என்றாலே எங்கட ஆக்களுக்குப் பயம் என்பது உண்மை. அதுக்கு நியாயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து, எங்கட கட்டடங்களின் உண்மையான வயதும் கதையும் எங்கட கையில் இருப்பதுதான். பொய்க் கதையை ஒரு நல்ல ஆய்வாளர் ஒரே பின்னேரத்தில் உடைத்துவிடுவார்.

அரச கதையால் வருகிற பெரிய நட்டம் வேறை. அரசன் பெயர் இல்லாத வீட்டுக்கு ஒருத்தரும் அழுவதில்லை. நல்லூர் ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் நடு முற்றம் வைத்த நாற்சார் வீடுகள், பெரிய திண்ணைகள், படலைக்கு மேல் கூரை போட்ட சங்கடப் படலைகள் இப்பவும் அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கின்றன. வருசத்துக்கு வருசம் குறைகின்றன. உரிமைக்காரர் நாலு நாட்டில். கூரை ஒழுகுகிறது. பனஞ்சலாகை மாற்றக் காசு வேணும், அந்த வேலை தெரிந்த கை வேணும். ஆசைப்பட்டுத் திருத்துகிற ஆக்களும் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசிவிடுகிறார்கள். சுவருக்குள் ஈரம் அடைபட்டு, சுவரே உதிர்கிறது. கடைசியில் இடித்துவிட்டு மாடி எழுப்புகிறார்கள். அந்தச் சொந்தக்காரரைத் திட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒழுகுகிற வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒன்றை மறைக்கவும் கூடாது. அந்தத் திண்ணைகளில் எல்லாரும் இருக்க முடிந்ததில்லை. கல்லு உடைத்தவரும் சுண்ணாம்பு சுட்டவரும் வேலை முடிந்த பிறகு தலைவாசலைத் தாண்ட முடியாமல் முற்றத்துக்கு வெளியே நின்ற காலம் இருந்தது. அதனால் ‘இடிஞ்சால் இடியட்டும்’ என்று சொல்கிற நண்பர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் வீடு போனால் சாட்சியும் போய்விடும். ஆர் எந்த வாசலால் போனார், ஆர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பதையும் அந்தச் சுவர்தான் காட்டும். பெருமைக்கு மட்டும் காப்பாற்றினால் அது மரபு இல்லை, வெறும் அலங்காரம்.

ஆகவே எங்கட வேண்டுகோள் சின்னது. வாற மாரிக்கு முதல் உங்கட ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டுக்குப் போங்கோ. உரிமைக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளுக்குப் போங்கோ. நாடா பிடித்து அளவுங்கோ. கூரை, தூண், கதவு, கிணறு எல்லாத்தையும் படம் எடுங்கோ. அம்மம்மாவிடம் ஆர் கட்டினது என்று கேளுங்கோ. ஆர் உள்ளுக்கு வரவில்லை என்றும் கேளுங்கோ. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேசன் ஊரில் மிஞ்சியிருந்தால், அவர் சொல்வதைப் பதிந்து வையுங்கோ. திணைக்களம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து மந்திரி மனையில் என்ன கண்டோம்?

அடுத்த சுவர் விழும்போது ஒப்பாரி வைக்க எங்களுக்கு நல்லாத் தெரியும். எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம் என்று கேட்டால்தான் ஒருத்தருக்கும் தெரியாது.