பைக்குள் பட்டறை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களில் பல, வித்துரா கடைத்தெருவில் நிற்பதே இல்லை. மலை ஏறும் அவசரம். கல்லாறைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில். பத்தாவது வளைவில் பின் டயரில் காற்று இறங்கினால், பஞ்சர் கடை வெகு கீழே. மூடுபனி வேறு கவியும். யானை நடமாடும் காடு.

அப்போதுதான் கம்பெனி கொடுத்த சின்னப் பை நினைவுக்கு வருகிறது. பலர் அதைப் பிரிப்பதே அன்றுதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பானர், மெல்லிய தகட்டு ஸ்பானர்கள். சக்கரத்தைக் கழற்ற இவை போதாது. இன்னொரு சாராரோ நாற்பது சாமான் அடங்கிய பெட்டியையே சுமக்கிறார்கள். அதில் பாதி, அந்த வண்டியின் எந்த நட்டுக்கும் பொருந்தாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. செலவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கையிருப்புக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். எந்த ஸ்பானர் தேவைப்பட்டதோ அது பைக்குள். தொடாதது வீட்டில். அச்சு நட் சில வண்டிகளில் 24 மி.மீ. வரை இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் காற்று கன்னால் முடுக்கியிருந்தால், நீளக் கைப்பிடி இல்லாமல் அது அசையாது.

டியூப்லெஸ் டயர் என்றால் வேலை பாதி. சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, துளையை அராவி, ரப்பர் திரியைச் செருகிவிடலாம். ஆனால் அந்த வால்வுக்குப் பொருந்தும் பம்பு வேண்டும். டியூப் டயருக்கு இரண்டு டயர் லிவர், மாற்று டியூப். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் இவ்வளவும் வீண் சுமைதான்: சைடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

மலைப்பாதையில் ஓயாமல் உழைப்பது கிளட்ச் கேபிள். பழைய புல்லட்காரர்கள் சிலர் மாற்றுக் கேபிளை ஓடும் கேபிளின் கூடவே கட்டிவைப்பார்கள். அறுந்தால் இரு முனைகளையும் மாற்றி மாட்டினால் போதும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலுக்கு வந்தபின், புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. இஞ்சின் திடீரென்று நின்றால் சாலையோரத்தில் பார்க்கக்கூடியது ஃப்யூஸும் பேட்டரி முனையும்தான். ஆகவே மாற்று ஃப்யூஸ், ஆலன் கீ, கட்டிங் பிளேயர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், ஒரு டார்ச். எல்லாம் ஒரு பழைய துணியில் சுருட்டினால், சீட்டில் கட்டிவிடலாம்.

மீதியைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். வாசலில் அசையாத நட், பொன்முடியில் மட்டும் இரக்கப்பட்டுக் கழலப்போவதில்லை.