மிகை நடிப்பு யாரைச் சாடுகிறது?

சஞ்சய் லீலா பன்சாலி இயக்கிய ‘பத்மாவத்’ 2018 ஜனவரி 25 அன்று வெளியானது. அதில் அலாவுதீன் கில்ஜியாக ரன்வீர் சிங் நடித்த விதம் குறித்து இரண்டு கருத்துகள் எதிரெதிராக நிற்கின்றன. கண்ணில் தீட்டிய மை, விரித்த தலைமுடி, இறைச்சியைப் பற்களால் கிழிக்கும் வேகம், வெறிகொண்ட ஆட்டம், காரணமின்றி வெடிக்கும் சிரிப்பு ஆகிய இவை அனைத்தும் ஒரு நடிகனின் துணிச்சல் என்பது ஒரு தரப்பு. 2019இல் ஃபிலிம்ஃபேரின் விமர்சகர் விருது அவருக்குக் கிடைத்ததை அத்தரப்பு சான்றாகக் காட்டுகிறது. அளவு மீறிய ஆர்ப்பாட்டம் ஒரு வரலாற்று மன்னனைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டது என்பது மறு தரப்பு.

இரு தரப்பினரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். நடிப்பின் அளவே இருவருக்கும் அளவுகோல். ஒருவர் மிகையை மெச்சுகிறார். மற்றவர் அடக்கத்தைக் கோருகிறார். ஆனால், ஒரு வில்லன் நடிப்பு பயன் தந்ததா என்று தீர்மானிக்கக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மிகை எதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது? அதிகாரம் இயங்கும் முறையையா, அல்லது ஒரு மனிதனின் பிறப்பையும் மதத்தையுமா?

மிகை குற்றமன்று

அடங்கிய நடிப்பே உயர்ந்த நடிப்பு என்னும் எண்ணம் கேமரா நடிகனின் முகத்தை நெருங்கிய பிறகு வலுப்பெற்றது. உழைக்கும் மக்களின் கலைகள் அந்த இலக்கணத்துக்குள் அடங்குபவை அல்ல. கதகளியில் இராவணனும் துரியோதனனும் ஏற்கும் கத்தி வேடம் முகத்தையே மிகையாகத் தீட்டிக்கொள்வது. வங்காளத்தின் ஜாத்ரா மேடையைச் சுற்றித் திறந்த வெளியில் மக்கள் திரண்டு அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் இருக்கும் உழவருக்கும் கேட்க வேண்டிய குரல் முணுமுணுப்பாக இருக்க இயலாது. கொடியவனை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்டுவதற்கு அக்கலைகள் கண்டறிந்த மொழியே மிகை. 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் உலக உருண்டை வடிவிலான பலூனைத் தூக்கிப்போட்டு ஆடிய சார்லி சாப்ளினை அடக்கமற்றவர் என்று எவரும் குறைகூறுவதில்லை. அந்த ஆட்டம் ஹிட்லரின் உலகாளும் பேராசையை ஒரு குழந்தைக்கும் புரியும்படி உரித்துக் காட்டியது.

இந்திய நடிகர்களில் இதனை முழுமையாக உணர்ந்திருந்தவர் உத்பல் தத். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் துயரைப் பேசிய ‘அங்கார்’ நாடகத்தை 1959இலும், 1946 கடற்படை எழுச்சியைச் சித்திரித்த ‘கல்லோல்’ நாடகத்தை 1965இலும் கல்கத்தாவில் மேடையேற்றிய மார்க்சியக் கலைஞர் அவர். 1965இல் காங்கிரஸ் ஆட்சி அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. பின்னர் ஜாத்ராக் குழுக்களுக்கு எழுதியும் இயக்கியும் கிராமப்புற மக்களிடம் சென்றார். அந்த அனுபவம் அனைத்தையும் அவர் கொண்டுவந்து இறக்கிய வேடம், சத்யஜித் ராய் இயக்கிய ‘ஹீரக் ராஜார் தேஷே’ படத்தின் வைர நாட்டு அரசன்.

வைர நாட்டு அரசன்

1980இல் மேற்கு வங்க அரசின் தயாரிப்பில் வெளியான அப்படத்தில் உத்பல் தத் சிறிதும் அடக்கிக்கொள்ளவில்லை. கண்ணை உருட்டுகிறார், எதுகையில் பேசுகிறார், அமைச்சர்கள் ஆமோதிக்கும்போது பூரிக்கிறார். ஆயினும் அவரது ஒவ்வொரு மிகையும் ஓர் ஆட்சிச் செயலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வைரச் சுரங்கத்தில் தொழிலாளி பட்டினி கிடக்கிறான். அவனை வாட்டி எடுத்த வைரத்தில் அமைச்சர்களுக்கு மாலை கிடைக்கிறது. விளைச்சல் பொய்த்த உழவனிடம் வரி பறிக்கப்படுகிறது. பள்ளிக்கூடம் மூடப்பட்டு நூல்கள் எரிக்கப்படுகின்றன. முறையிடுவோர் மூளைச்சலவை எந்திரத்துக்குள் தள்ளப்பட்டு, அரசனைப் புகழும் எதுகையை ஒப்பித்தபடி வெளிவருகின்றனர். விழாவுக்கு வரும் விருந்தினர் கண்ணில் படாதபடி ஏழைகள் அப்புறப்படுத்தப்படுகின்றனர். தில்லியில் அவசரநிலைக் காலத்துக் குடிசை இடிப்புகளைக் கண்டவர்களுக்கு அக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

நாடே எதுகையில் பேசும்போது ஆசிரியர் உதயன் மட்டும் உரைநடையில் பேசுகிறார். கொடுங்கோன்மை மனிதர்களின் நாவையே வார்த்துவிடும் என்பதையும், சிந்திப்பவன் அந்த வார்ப்புக்கு வெளியே நிற்பான் என்பதையும் இதைவிட எளிதாகச் சொல்ல இயலாது. இறுதியில் அரசனும் அவனது எந்திரத்துக்கே இரையாகிறான்; அவன் சிலையைச் சாய்க்கும் கயிற்றை மக்களோடு சேர்ந்து அவனே இழுக்கிறான். அந்த அரசனின் மதம் எது, குலம் எது என்று எந்தப் பார்வையாளரும் கேட்பதில்லை. அவனைக் கண்டவுடன் அவரவர் நாட்டு ஆட்சியாளரின் முகம் நினைவுக்கு வருகிறது. மிகையின் வெற்றி அதுவே.

கில்ஜியின் கொடுமை எங்கே?

‘பத்மாவத்’ கில்ஜியிடம் இப்படியொரு பிணைப்பைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். அவன் எப்படி உண்கிறான், எப்படி இச்சிக்கிறான், எப்படி ஆடுகிறான் என்பதைப் படம் சலிக்காமல் காட்டுகிறது. எப்படி ஆண்டான் என்பதைக் காட்டவில்லை.

வரலாற்றில் அலாவுதீன் நல்லவரல்லர். தந்தையின் சகோதரரும் மாமனாருமான ஜலாலுதீனைக் கொன்று 1296இல் அரியணை ஏறியவர். விளைச்சலில் பாதியை நிலவரியாகப் பெற்றார். படைச் செலவைக் கட்டுக்குள் வைக்கத் தானியம், துணி, குதிரை, கால்நடை, அடிமை ஆகிய அனைத்துக்கும் விலை நிர்ணயித்தார். அங்காடிகளில் ஒற்றர்களை நிறுத்தினார். எடை குறைத்து விற்றவரின் உடலிலிருந்து சதையை அறுத்த தண்டனையை வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி பதிவு செய்துள்ளார். ஒரு நிலப்பிரபுத்துவ அரசின் ஈவிரக்கமற்ற பொருளாதாரம் இங்கே இருக்கிறது. மிகை நடிப்புக்கு வேண்டிய கொடுமையும் இருக்கிறது. அதைத் தொட்டால், உழவரின் உழைப்பில் தழைத்த சித்தூர்க் கோட்டையையும் அதே கேள்வி தொட்டுவிடும். படம் அந்த வழியில் செல்லவில்லை. வரியையும் வாளையும் ஒதுக்கிவிட்டு, உணவையும் காமத்தையும் கண்மையையும் கொடுமையின் அடையாளங்களாக நிறுத்தியது. எதிரே ராஜபுத்திர அரசன் நிமிர்ந்து, தூய்மையாக, கொள்கை பேசியபடி நிற்கிறான். இரு அரசர்களுக்கு இடையிலான போர் இரண்டு பிறவிகளுக்கு இடையிலான போராகிவிடுகிறது.

மூலக் காவியமே இதனை மறுக்கிறது. 1303இல் சித்தூர் முற்றுகையின்போது சுல்தானுடன் சென்ற அமீர் குஸ்ரோவின் பதிவில் பத்மினி இல்லை. சுமார் 240 ஆண்டுகள் கழித்து, 1540இல், சூஃபிக் கவிஞர் மாலிக் முகமது ஜாயசி அவதி மொழியில் படைத்த காவியத்தில்தான் அவர் வருகிறார். அக்காவியத்தில் ரத்தன்சேன் இறப்பது சுல்தானின் கையால் அன்று. பத்மாவதியை இச்சித்த மற்றொரு ராஜபுத்திர அரசனான தேவ்பாலுடன் நிகழ்ந்த மோதலில் அவன் வீழ்கிறான். படத்தில் தேவ்பால் இல்லை. மாலிக் கஃபூரின் வஞ்சகத்தால் பாய்ந்த அம்புகள் அரசனை வீழ்த்துகின்றன. இச்சை கொண்ட இந்து அரசனை அழித்த கதையில்தான், எல்லா இச்சையும் ஒரே முஸ்லிம் உடலில் ஏற்றப்பட்டது.

தீயை அழகாக்கும் வில்லன்

படத்தின் உச்சக்கட்டம் போர்க்களம் அன்று. பெண்கள் கூட்டமாகத் தீக்குளிக்கும் ஜௌஹர். செந்நிற ஆடைகளும் இசையும் சூழ, கர்ப்பிணிகளும் சிறுமியரும் நெருப்பை நோக்கி நடக்கின்றனர். பார்வையாளர் அதைக் கண்டு பதறாமல் பெருமிதம் கொள்ள வேண்டுமெனில், வாயிலில் நிற்பவன் மனிதனாக இருக்கக் கூடாது. அவன் விலங்காக இருந்தால்தான் தீ விடுதலையாகத் தோன்றும். ரன்வீர் சிங்கின் மிகை ஆற்றிய பணி இதுவே. அந்தப் பொருளில் அவரது நடிப்பு தோற்கவில்லை, முழுமையாக வென்றது. கவலைக்குரியது அந்த வெற்றிதான். 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் ரூப் கன்வர் எரிக்கப்பட்டதும், அதன்பின் சதியைப் போற்றுவதையே குற்றமாக்கிய சட்டம் பிறந்ததும் தொலைவில் நிகழ்ந்தவை அல்ல. தொடக்கத்தில் ஒரு மறுப்பு அறிவிப்பைக் காட்டிவிட்டு, இறுதியில் நெருப்பைக் கோயிலாக்குவது அச்சட்டத்தின் உயிரைக் கேலி செய்வதாகும்.

ஓர் எதிர்வாதமும் உண்டு. திரையில் உயிரோடு இருப்பவன் கில்ஜி மட்டுமே. அரசன் மரச்சிலை போல நிற்கிறான். எனவே நடிகர் இயக்குநரின் நோக்கத்தையே கவிழ்த்துவிட்டார் என்பது அவ்வாதம். அதில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது. அரங்கில் எழுந்த கைதட்டல் வில்லனுக்குரியதே. ஆனால், கைதட்டல் வேறு, அறிதல் வேறு. வைர நாட்டு அரசனைக் கண்டு சிரித்தவர் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொண்டு எழுந்தார். கில்ஜியைக் கண்டு ரசித்தவர், ஏற்கெனவே ஊட்டப்பட்டிருந்த வகுப்புவாத அச்சம் உறுதிப்படவே எழுந்தார்.

தடையும் விமர்சனமும்

இப்படத்தைச் சூழ்ந்த வன்முறை இந்த விமர்சனத்தை உரக்கச் சொல்லவிடாமல் தடுத்தது. 2017 ஜனவரியில் ஜெய்ப்பூரில் படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் தாக்கப்பட்டார். வெளியீட்டுக்கு முந்தைய நாள் குருகிராமில் பள்ளிப் பேருந்து மீது கல் வீசப்பட்டது. மாநிலங்கள் தடை விதித்தன. 2018 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடைகளை நிறுத்திவைத்தது. கர்ணி சேனையின் அராஜகத்தை எதிர்த்து ஜனநாயக சக்திகள் நின்றது சரியே. படம் திரையிடப்படும் உரிமை விட்டுக்கொடுக்கத் தக்கதன்று. ஆனால், உரிமையைக் காத்தவுடன் கடமை முடிந்ததாகக் கருதியதால் ஒரு வினோதம் நிகழ்ந்தது. ராஜபுத்திரப் பெருமை இழிவுபட்டதாகக் கூச்சலிட்டவர்களின் குரலே நாடெங்கும் கேட்டது. உண்மையில் இழிவுபடுத்தப்பட்ட சமூகத்தின் மனக்காயம் பேசுபொருளாகவே இல்லை.

தணிக்கையை எதிர்ப்பதும் விமர்சிப்பதும் ஒரே பணியின் இரு பாதிகள். திரையரங்குக்குப் பாதுகாப்புக் கோரும் இயக்கம், திரையில் நிகழ்வதைப் பற்றியும் மக்களிடம் பேச வேண்டும். கிளைக் கூட்டங்களும் கலை இரவுகளும் நூலகங்களும் அதற்கான களங்கள். அங்கே விவாதத்தை ‘நடிப்பு அதிகமா, குறைவா’ என்பதில் முடித்துவிடாமல், அது யாரைச் சாடுகிறது, யாரைக் காப்பாற்றுகிறது என்பது வரை எடுத்துச் செல்வது தோழர்களின் பொறுப்பு. உத்பல் தத் போன்ற கலைஞர் விட்டுச் சென்ற மரபு அந்தப் பொறுப்பைத்தான் கோருகிறது.