பிள்ளையின் சொல்லும் ஏட்டின் எழுத்தும்

வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ உள்ள மேல் நீதிமன்றத்திலே பத்து வயதுச் சிறுமியொருத்தி சாட்சிக் கூண்டில் ஏறித் தனக்கிழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தயங்குவதையும் தலை குனிவதையும், குறுக்கு விசாரணையிலே குரல் தழுதழுப்பதையும் விளக்க நீதிபதி நேரிலே காண்கிறார். எதிரி குற்றவாளியெனத் தீர்க்கப்படுகிறான். பின்னர் வழக்கு கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லுகிறது. அங்கே அந்தச் சிறுமி இல்லை. வழக்கேடு மட்டுமே உண்டு.

மேன்முறையீடு எதிரிக்குக் காட்டும் சலுகையன்று, அவனது உரிமை. நிரபராதி ஒருவன் இத்தகைய பழியைச் சுமந்து சிறையில் வாடுவதும் கொடுமையே. ஆகவே அந்த வாயிலை அடைக்குமாறு நாம் கேட்கவில்லை. அங்கே எழுப்பப்படும் கேள்வி சரியானதாக இருத்தல் வேண்டும் என்பதே நமது வாதம்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதியைத் தவறச் செய்யாத வழுவொன்றுக்காகத் தீர்ப்பை மாற்றலாகாது என்கிறது அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை. ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. நம்பத்தக்கதாயின், ஒரு பிள்ளையின் சொல்லே போதுமானது. குஜராத்தில் சிறுமியர் இருவருக்கு இழைக்கப்பட்ட குற்றம் பற்றிய வழக்கிலே, அற்ப முரண்பாடுகளைப் பூதாகாரமாக்கலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்த்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அத்தீர்ப்பைப் பின்பற்றியுள்ளன.

பிள்ளை நாளையும் நேரத்தையும் மாற்றிச் சொல்வது ஒன்று. ஆளையே மாற்றிச் சொல்வது வேறொன்று. முன்னது பதர், பின்னது வழக்கின் வேரையே தொடுவது. தூற்றும் கமக்காரன் பதரைப் போக்குவான். நெல்லைக் காற்றிலே விடான். முறைப்பாடு தாமதித்தது என்பதும் தன்னளவில் பொய்க்குச் சான்றாகாது. தீங்கிழைத்தவன் வீட்டுக்குள்ளேயே இருப்பின், குழந்தை யாரிடம் ஓடிச் சொல்லும்? தாமதத்துக்குக் காரணம் உண்டா, அது நம்பத்தக்கதா என்பதே கேள்வி.

இனி, நமக்கே உரிய குறையொன்று உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் வழக்கேடு தமிழிலே எழுதப்படுகிறது. மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் ஏடு ஆக்கப்படல் வேண்டும் என்கிறது 24ஆம் உறுப்புரை. ஆக, பிள்ளையின் சொல் மொழிபெயர்ப்பாளர் கைவழியே நீதியரசரைச் சென்றடைகிறது. ‘தொட்டார்’, ‘தடவினார்’, ‘பிடித்தார்’ என்னும் மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடின் நேர்வது என்ன? இருக்கும் முரண்பாடு மறைகிறது. ஒரே சொல் மூன்று விதமாகப் பெயர்க்கப்படின் இல்லாத முரண்பாடு முளைக்கிறது. முன்னதால் எதிரிக்கு அநீதி. பின்னதால் பிள்ளைக்கு அநீதி. மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும் விவகாரமா?

நாம் கோருவன மூன்று. தமிழ் ஏடுள்ள இத்தகைய மேன்முறையீடுகளைக் கேட்கும் அமர்விலே தமிழறிந்த நீதியரசர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்கு 1999இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பிள்ளையின் வாக்குமூலம் ஒளிப்பதிவாகச் சான்றில் சேர்க்கப்பட்டிருப்பின், நீதியரசர்கள் அதைக் கண்ணாலே காணல் வேண்டும். இம்மேன்முறையீடுகளுக்கு விசாரணைப் பட்டியலிலே முதலிடம் அளிக்கப்படல் வேண்டும். பத்து வயதுச் சிறுமி மணப்பருவம் எய்தும் வரை தீர்ப்புக்காகக் காத்திருத்தல் தகாது.

சட்டத்தரணிகள் மொழிபெயர்ப்பைத் தமிழ் மூலத்தோடு வரிக்குவரி ஒப்பிட்டபின்னரே வாதிட எழுவார்களாக. பெற்றோர் குடும்ப மானத்தை எண்ணி முறைப்பாட்டைப் புதைத்துவிடாதிருப்பார்களாக. பிள்ளை துணிந்து சொன்ன சொல், சொன்னபடியே கடைசி நீதிமன்றம் வரை செல்லட்டும். அதன்பின் எத்தீர்ப்பு வரினும் அதை நீதியென்று ஏற்க நம்மால் இயலும்.